மிஷின் டிகாஷன்

எங்கள் ஊர்க் கல்யாண ரிசப்ஷன்களில் பந்தி நடக்கும் ஹாலுக்கு வெளியே ஒரு மிஷின் நிற்கும். பளபளவென்று எவர்சில்வர் உடம்பு, பக்கவாட்டில் மூக்கு மாதிரி நீண்ட ஒரு குழாய். அதன் பின்னால் நிற்கும் அண்ணன் ஒரு ஜக்கில் பால், சர்க்கரை, இன்ஸ்டன்ட் காபித்தூள் மூன்றையும் போட்டு, குழாயை அதற்குள் விட்டு வால்வைத் திருகுவார். உஸ்ஸ்ஸ் என்று கிளம்பும் சத்தத்தில் மேடையில் பாடிக்கொண்டிருக்கும் லைட் மியூசிக்காரர்களே ஒரு நொடி சுருதி தப்புவார்கள். ஜக்கு நிறைய நுரை. கப்பில் ஊற்றி, மேலே ஒரு சிட்டிகை சாக்லேட் பொடி தூவி நீட்டுவார். அதற்குப் பெயர் எஸ்பிரஸ்ஸோ காபி. 90களில் திருச்சியில் வளர்ந்த எனக்கு முப்பது வயது வரை எஸ்பிரஸ்ஸோ என்றால் அதுதான். சின்னப் பிள்ளைகளுக்குக் காபி கிடையாது என்ற வீட்டுச் சட்டம் அன்று ஒரு நாள் மட்டும் தளரும் என்பதால் அந்த மிஷின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

பிறகு வேலைக்காகச் சென்னை வந்து, ஒருநாள் ஆபீஸ் ஆட்களோடு காபிக் கடை ஒன்றில் உட்கார்ந்தபோது, மெனுவில் தெரிந்த பெயர் அது ஒன்றுதான் என்று எஸ்பிரஸ்ஸோ சொன்னேன். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை அளவுக்கு ஒரு கப் வந்தது. அதில் இரண்டு மடக்குக் கறுப்புத் திரவம். நுரை எங்கே, சாக்லேட் பொடி எங்கே என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். முதல் மடக்கில் முகம் சுளித்தது உண்மை. ஆனால் அரை மணி நேரம் கழித்தும் நாக்கில் ஏதோ ஒன்று போகாமல் நின்றது. கருப்பட்டியையும் வறுத்த கடலையையும் ஒன்றாக மென்ற மாதிரி. அதுதான் ஆரம்பம்.

கல்யாண மிஷினைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு வகையில் அதுதான் மூத்தது. இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்செலோ மோரியோண்டோ 1884இல் காப்புரிமை வாங்கிய காபி இயந்திரமும், மிலானில் லூயிஜி பெஸ்ஸேரா 1901இல் வாங்கியதும் நீராவியை நம்பியவைதான். கொதிகலனில் ஆவி சேரும். அந்த அழுத்தம் வெந்நீரைத் தூள் வழியாகத் தள்ளும். வேகமாகக் காபி வரும், ஆனால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் சூட்டையும் கூட்டியாக வேண்டும். சூடு கூடினால் காபி தீய்ந்த வாடை அடிக்கும். இந்தச் சிக்கலோடுதான் இத்தாலிக்காரர்கள் நாற்பது ஐம்பது வருடம் காபி குடித்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் மிலானைச் சேர்ந்த அக்கில்லே காஜ்ஜியா. 1938இல் ஒரு காப்புரிமை. போர் முடிந்த பிறகு 1940களின் கடைசியில், நெம்புகோலும் ஸ்பிரிங்கும் வைத்த இயந்திரம். சூடு ஒரு பக்கம், அழுத்தம் ஒரு பக்கம் என்று இரண்டையும் பிரித்ததுதான் அவர் செய்த வேலை. கொதிக்காத தண்ணீரையே பல மடங்கு அழுத்தத்தில் தள்ள முடிந்தது. காபியின் மேல் பொன்னிறத்தில் ஒரு நுரைப் படலம் வந்தது. வாடிக்கையாளர்கள் இது என்ன அழுக்கு என்று சந்தேகப்பட, அவர் அதற்கு 'கிரேமா' என்று பெயர் வைத்து விற்றுவிட்டார். வியாபாரி! 1961இல் ஃபாயெமா நிறுவனத்தின் ஈ61 வந்தது. கை நோக நெம்புகோலை இழுக்கிற வேலையை மின்சார பம்ப் எடுத்துக்கொண்டது. இன்று என் சமையலறையில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பா அந்த வம்சத்தின் கடைக்குட்டி.

அதை வாங்கியது மூன்று வருடத்துக்கு முன், ஒரு பண்டிகைக் காலத் தள்ளுபடியில், 9,200 ரூபாய்க்கு. எங்கள் வேளச்சேரி ஃப்ளாட்டின் சமையல் மேடையில் மிக்சிக்கும் சுவருக்கும் நடுவே ஏழு அங்குல இடைவெளி இருந்தது. "அதுக்குள்ள அடங்குறதா இருந்தா வாங்கிக்கோங்க, மிக்சியை நகர்த்தக் கூடாது" என்பது மனைவியின் நிபந்தனை. டேப் வைத்து அளந்து, ஆறு அங்குல அகலத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். என் அம்மா எங்களோடு இருக்கிறார். அவருடைய கல்யாணத்துக்கு வந்த பித்தளை ஃபில்டர் அதே மேடையில் ஐம்பது வருடப் பெருமையோடு உட்கார்ந்திருக்கிறது. புது மிஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "இது என்னடா பண்ணும்?"

"டிகாஷன் போடும்மா."

"அதுக்கா இவ்வளவு?"

அட்டைப் பெட்டியில் '15 பார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சின்ன மிஷின் வாங்குகிற எல்லோரும் முதலில் மயங்குவது இந்த எண்ணில்தான். பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. 15 பார் என்பது உள்ளே இருக்கும் பம்ப் மூச்சைப் பிடித்துத் தள்ளக்கூடிய உச்சம். காபிக்கு வேண்டியது 9 பார் சுற்றுவட்டாரம். அது எவ்வளவு என்று மனதில் பிடிபட எனக்குக் குக்கர்தான் உதவியது. விசில் கிளம்பும் நேரத்தில் குக்கருக்குள் கூடுதலாக இருப்பது ஏறக்குறைய 1 பார். அதைப் போல ஒன்பது மடங்கு. இன்னொரு கணக்கும் போட்டேன். 90 மீட்டர் உயரத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்தால் கீழே குழாயில் கிடைக்கும் அழுத்தம் அது. எங்கள் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி. அதன் தலையில் இன்னும் ஐந்து மாடி கட்டி, அதற்கு மேல் தொட்டி வைக்க வேண்டும். அம்மாவின் ஃபில்டரில் தூளை அழுத்துவது நான்கு விரல் உயரத் தண்ணீரின் கனம் மட்டும். அதனால்தான் அங்கே சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம், இங்கே அரை நிமிடம்.

இவ்வளவு பெரிய வேலையைச் செய்கிற பம்ப் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு காந்தச் சுருள், அதற்குள் ஒரு குட்டிப் பிஸ்டன். வீட்டுக் கரண்டின் தாளத்துக்கு விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடும். பொத்தானை அமுக்கினால் டர்ர்ர் என்று மேடையே அதிருவது அதனால்தான். பக்கத்தில் ஸ்பூன் வைத்தால் அது நடக்க ஆரம்பிக்கும்.

ஒரு எச்சரிக்கை. மூவாயிரம் நாலாயிரத்துக்கு எஸ்பிரஸ்ஸோ மிஷின் என்று விற்கிற பலவற்றில் பம்பே கிடையாது. மேலே திருகு மூடி, உள்ளே கொதிகலன், அவ்வளவுதான். கதை திரும்பவும் 1901க்கே போய்விடும். அதற்குப் பதில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு மோக்கா பாட் வாங்கிக் கேஸ் அடுப்பில் வைத்துக்கொள்ளலாம். 1933இல் அல்ஃபோன்சோ பியலெட்டி கொண்டுவந்த அந்த எட்டுப்பட்டைப் பாத்திரம் தன்னை எஸ்பிரஸ்ஸோ என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ளாமல் நல்ல காபி தரும்.

சரி, முதல் நாள் கதை. வீட்டில் இருந்தது தெருமுனைக் கடையில் வாங்கிய, சிக்கரி கலந்த பொடி. காபிதானே என்று அதையே கூடையில், அதாவது கைப்பிடிக்குள் உட்காரும் ஓட்டை போட்ட சின்னக் கிண்ணத்தில் போட்டு, அமுக்கி, கைப்பிடியை மிஷினில் மாட்டி, பொத்தானைத் தட்டினேன். டர்ர்ர். பத்து விநாடி. இருபது. நாற்பது. கப்பில் தார் மாதிரி மூன்று சொட்டு. ஏதோ அடைத்துக்கொண்டது என்று பம்பை நிறுத்திவிட்டு, உடனே கைப்பிடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே அத்தனை பாரும் போக வழியில்லாமல் காத்திருந்திருக்கிறது. 'டப்' என்று ஒரு சத்தம். சட்டை, சுவர், மிக்சி, கூரை, மாதக் காலண்டரில் வரலட்சுமி விரதம் வரை காபிச் சேறு. அம்மா பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

சிக்கரி ஒரு வேர். வறுத்துப் பொடித்தால் வெந்நீரில் காபியை விட அதிகமாகக் கரையும், ஈரம் பட்டதும் இளகிப் பசையாகும். ஃபில்டரில் அந்தக் குணம்தான் டிகாஷனை மெதுவாக இறங்கவைத்து, கறுப்பும் கெட்டியுமாகத் தருகிறது. 9 பாரில் அதே குணம் சிமென்ட். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். இந்த மிஷினுக்கு அது பூஜ்யமாக இருக்க வேண்டும். அப்புறம், சொட்டாமல் அடைத்துக்கொண்டால் இரண்டு நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். மூச்சு இறங்கிய பிறகு கழற்றலாம்.

அடுத்து சிக்கரி இல்லாத பொடி வாங்கி வந்தேன். நுரையோடு அழகாகக் காபி இறங்கியது. போட்டோ எடுத்து அனுப்பி, பெருமையடித்துக்கொண்டேன். குடித்தால் வெறும் சுடுதண்ணீரில் சிகரெட் சாம்பலைக் கரைத்த மாதிரி. பார்க்க அழகு, நாக்கில் ஒன்றுமில்லை. எப்படி? கூடையைக் கவிழ்த்துப் பார்த்ததும் புரிந்தது. இந்த வகைச் சின்ன மிஷின்களோடு வரும் கூடைக்கு இரட்டை அடி. உள்ளே நிறைய ஓட்டை. வெளியே ஊசி முனை அளவுக்கு ஒன்றே ஒன்று. தூள் எப்படி இருந்தாலும் அந்த ஒற்றை ஓட்டையே அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, காபியைப் பீய்ச்சி, நுரை கிளப்பிவிடும். பழைய பொடி, கரடான பொடி, எதைப் போட்டாலும் 'கிரேமா' வரும். புது ஆட்கள் மனம் உடையாமல் இருக்க கம்பெனிகள் செய்த தந்திரம். தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூடை இருக்கிற வரை நாம் செய்கிற எதுவும் கப்பில் தெரியாது, நல்லதும் சரி கெட்டதும் சரி.

51 மில்லிமீட்டர் அளவில் ஒற்றை அடிக் கூடை ஒன்று தனியாக வாங்கினேன். கடைகளில் இருக்கும் பெரிய மிஷின்களுக்கு 58. சின்னவற்றில் பலவற்றுக்கு 51. அளவு தெரியாமல் ஆர்டர் போட்டு ஒருமுறை திருப்பி அனுப்பினேன் என்பது வேறு விஷயம். அதில் அதே பொடியைப் போட்டதும் உண்மை வெளியே வந்தது. எட்டே விநாடியில், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, வெளிறிய தண்ணீர் கொட்டியது. ஃபில்டருக்கு அரைத்த பொடி இதற்குக் கரடு. தண்ணீர் எந்தத் தடையும் இல்லாமல் ஓடிவிடுகிறது. ஒற்றை அடிக் கூடையில் அழுத்தத்தை உண்டாக்குவதே தூள்தான். பம்ப் தள்ளும், தூள் தாங்கும். தாங்காவிட்டால் 15 பாரும் இல்லை, 9 பாரும் இல்லை.

கடைக்காரரிடம் போனேன். "அண்ணே, இன்னும் நைசா அரைச்சுக் குடுங்க."

"தம்பி, இதுக்கு மேல நைசாப் போனா டிகாஷன் இறங்காது."

"மிஷினுக்குண்ணே."

அவர் மிஷினின் வட்டத் திருகை ஒரு எண் தள்ளினார். வீட்டில் 14 விநாடி. அடுத்த வாரம் இன்னும் ஒரு எண். 55 விநாடி. நடுவில் ஒரு எண் கிடையாது. மூன்றாவது வாரம் நான் தெருவில் வருவதைப் பார்த்தே அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்காகத் திருகைத் திரும்பச் சரிசெய்வது பெரிய வேலை. அத்தோடு, அரைத்த பொடி நான்கு நாளில் வேறு பொடியாகிவிடுகிறது. திங்களன்று ஒரு விநாடிக் கணக்கில் வந்தது வெள்ளியன்று அதை விட வேகமாக ஓடிவிடும்.

ஆக, கையால் சுற்றும் அரைவை ஒன்று வாங்கினேன். 6,500 ரூபாய். மிஷின் விலையில் முக்கால்வாசியை நெருங்குகிறதே என்று வீட்டில் விசாரணை நடந்தது. இன்று யாராவது என்னிடம் எந்த மிஷின் வாங்கலாம் என்று கேட்டால், முதலில் அரைப்பதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஒன்பதாயிரம் ரூபாய் மிஷினும் நல்ல அரைவையும் இருந்தால் நல்ல எஸ்பிரஸ்ஸோ வரும். ஐம்பதாயிரம் ரூபாய் மிஷினும் கடைப் பொடியும் இருந்தால் வராது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மிக்சியில் அரைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அரைத்துப் பார்த்தேன். பாதி மாவு, பாதி ரவை. மாவு அடைக்கும், ரவை ஒழுகும். ஒரே கப்பில் இரண்டு தவறும் சேரும்.

கை அரைவையின் அடியில் ஒரு வளையம் இருக்கிறது. திருப்பினால் 'கிளிக்' என்று ஒரு படி நகரும். ஒரு கிளிக்குக்கு என் மிஷினில் நாலைந்து விநாடி மாறுகிறது. 15 கிராம் கொட்டையை அரைக்க ஒன்றரை நிமிடம் சுற்ற வேண்டும். காலை ஆறு மணிக்கு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு நான் கரகரவென்று சுற்றும் சத்தத்துக்கு மகள் வைத்த பெயர் 'அப்பா உரல்'.

700 ரூபாய்க்கு ஒரு சின்னத் தராசும் உண்டு, நகைக்கடைத் தராசின் ஏழைத் தம்பி. 15 கிராம் தூள் உள்ளே, 30 கிராம் காபி வெளியே, 25இலிருந்து 30 விநாடிக்குள். இதுதான் தொடங்குகிற இடம். அந்த 15 கிராமில் கரைந்து கப்புக்கு வருவது சுமார் 3 கிராம்தான். மீதி சக்கையாகக் குப்பைக்கு. எந்த 3 கிராம் வருகிறது என்பதில்தான் எல்லாம். தண்ணீர் பட்டதும் முதலில் ஓடி வருவது புளிப்பு. அதன் பின்னால் இனிப்பும் வாசமும். கடைசியில் கசப்பு. சீக்கிரம் ஓடிவிட்டால் புளிப்போடு நின்றுபோகும். ரொம்ப நேரம் இழுத்தால் கசப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். பழைய டைரி ஒன்றில் எழுதிவைத்தேன். '13 கிளிக், 19 விநாடி, புளிப்பு.' '12 கிளிக், 24, பரவாயில்லை.' '9 கிளிக், 38, கஷாயம்.'

எல்லாம் சரியாக இருந்தும் சில நாள் காபி நன்றாக இருக்காது. 27 விநாடி, 30 கிராம், கணக்கு அச்சு அசலாக. குடித்தால் நாக்கு இறுகும். கசக்கிறது என்று நினைத்துக்கொண்டு கரடாக அரைத்தேன், இன்னும் மோசம். நைசாக அரைத்தேன், அதுவும் மோசம். ஒரு வாரம் இப்படிப் போனது. ஒருநாள் எரிச்சலில் அம்மாவிடம் நீட்டினேன். ஸ்பூன் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கசப்பு இல்லடா இது. துவர்ப்பு. வாழைப்பூவை மோர்ல போடாம அப்படியே வதக்கினா இப்படித்தான் இருக்கும்."

துவர்ப்பு. அறுசுவை என்று இரண்டாம் வகுப்பில் ஒப்பித்த பட்டியலில் அது கசப்புக்குப் பக்கத்திலேயே தனி இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. நாவல்பழம் தின்ற நாக்கு, மாதுளம்பிஞ்சு கடித்த வாய். நான்தான் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் புளிப்பு, கசப்பு என்று இரண்டே கட்சிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கசப்புக்கும் துவர்ப்புக்கும் காரணம் வேறு வேறு. துவர்ப்பு வந்தால், பெரும்பாலும் கூடைக்குள் எங்கோ விரிசல். தண்ணீர் சோம்பேறி, 9 பாரில் தள்ளினாலும் இளக்கமான இடம் எது என்று தேடி, அங்கே ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடும். அந்த வாய்க்கால் கரையில் இருக்கும் தூளிலிருந்து வரக்கூடாததெல்லாம் வரும். மற்ற இடத்துத் தூள் பாதி நனைந்து அப்படியே கிடக்கும். அதனால்தான் ஒரே கப்பில் புளிப்பும் இருக்கும், நாக்கும் இறுகும். இதற்குக் கிளிக்கை மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

அதற்கு மருந்து நாலு குண்டூசி. ஒரு பழைய தக்கையில் தலைப்பக்கத்தைச் செருகி, முனை கீழே வருகிற மாதிரி செய்துகொண்டேன். அரைத்த தூளைக் கூடையில் கொட்டியதும் அதை விட்டு அடிவரை கிளறினால் கட்டிகள் உடைந்து, தூள் ஒரே சீராகப் படியும். பிறகு டேம்பரால் நேராக ஒரு அழுத்து. டேம்பர் என்றால் வேறொன்றுமில்லை, ஃபில்டரில் பொடிமேல் வைக்கிற குடையின் பெரியண்ணன். முப்பது கிலோ எடையில் அழுத்த வேண்டும், நாற்பது கிலோவில் அழுத்த வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். அதற்கு மேல் அமுங்காது என்கிற வரை, சாயாமல் அழுத்தினால் போதும். மிஷினோடு வரும் பிளாஸ்டிக் டேம்பரைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடலாம்.

சின்ன மிஷினின் பலவீனம் சூடு. சுவிட்சைப் போட்ட ஒரு நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்து 'ரெடி' என்னும். தண்ணீர் ரெடி; கைப்பிடியும் கூடையும் கப்பும் இன்னும் சில்லென்றுதான் இருக்கும். 90 டிகிரிக்கு மேல் கிளம்பும் தண்ணீர் அந்த உலோகத்தைச் சூடாக்கியே தளர்ந்துபோகும். தூள் போடாமல் ஒருமுறை வெறும் வெந்நீரை ஓடவிட்டு, அதே தண்ணீரில் கப்பையும் கழுவி, துடைத்து, பிறகு போட்டால் புளிப்பு பாதி குறைகிறது. காசு செலவில்லாத வைத்தியம் இது ஒன்றுதான்.

கொட்டையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. காபியில் முக்கியமாக அராபிகா, ரொபஸ்டா என்று இரண்டு வகை. நான் இரண்டு பங்கு ஏற்காட்டு அராபிகாவோடு ஒரு பங்கு குடகு ரொபஸ்டா கலக்கிறேன். ரொபஸ்டா என்றால் மட்டம் என்று மூக்கைச் சுளிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. இந்தியாவில் விளைவதில் ஏறக்குறைய 70 சதவீதம் ரொபஸ்டாதான். அதை ஆசையாக வாங்குகிறவர்களில் முதல் வரிசையில் இருப்பது எஸ்பிரஸ்ஸோவைக் கண்டுபிடித்த அதே இத்தாலி. கிரேமா கெட்டியாக நிற்க அது வேண்டும். மங்களூர்ப் பக்கத்துக் கிடங்குகளில் மழைக்காலக் காற்றில் மாதக்கணக்கில் பரப்பி வைத்து, ஊதி வெளுக்க வைக்கும் மான்சூன்ட் மலபார் வகையும் அப்படித்தான்; புளிப்பு ரொம்பக் குறைவு, புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குத் தோதானது. வறுத்த தேதி பாக்கெட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வறுத்த மறுநாளே போட்டால் உள்ளே இருக்கும் கரியமில வாயு பொங்கி எல்லாமே நுரையாக வரும். ஒரு வாரம் பொறுத்து, ஐந்து வாரத்துக்குள் முடித்துவிடுவது என் வழக்கம்.

தண்ணீர் சென்னைக்காரர்களின் தனித் தலைவலி. எங்கள் போர்வெல் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகக் கோலம் போடும். அந்தக் கோலம் மிஷினின் மெல்லிய குழாய்க்குள் விழுந்தால் கதை முடிந்தது. வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் குழாய் பிழைக்கும், காபி சப்பென்று இருக்கும். ருசியைக் கரைத்து எடுக்கக் கொஞ்சம் தாது உப்பு வேண்டும். ஒரு லிட்டர் ஆர்ஓவுக்கு ஒரு டம்ளர் மெட்ரோ தண்ணீர் என்று ஒப்பந்தம் செய்துகொண்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மளிகைக்கடை எலுமிச்சை உப்பு 20 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஓட்டி, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிடுவேன்.

பால் விஷயத்தில் எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை. ஆவிக் குழாயில் நல்ல நுரை வர, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற பாக்கெட் பாலையே நேராக ஜக்கில் ஊற்ற வேண்டும். காய்ச்சி ஆடை எடுத்த பாலில் எனக்கு நுரை நிற்பதில்லை. "காய்ச்சாத பாலா?" என்றார் அம்மா, நான் ஏதோ பச்சை இறைச்சி தின்பதைப் பார்த்தது போல. பதப்படுத்திய பால்தானே என்று விளக்கினேன். ஜக்கின் அடி கை பொறுக்காத சூட்டுக்கு வந்ததும், 60–65 டிகிரியில், ஆவியை நிறுத்தி, நுரையும் பாலும் ஒன்றாகும்படி சுழற்றி, காபிமேல் ஊற்றினேன். இதய வடிவம் மாதிரி ஒன்றுகூட வந்தது. கொஞ்சம் கிட்னி மாதிரியும் இருந்தது. அம்மா ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப்போச்சேடா."

எழுபது வருடமாக டம்ளரும் டபராவும் பொரியப் பொரியக் காபி குடித்த வாய்க்கு 62 டிகிரி பழங்காபிதான். நுரையைப் பற்றியும் அவருக்கு மரியாதை வரவில்லை. ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றினால் வராத நுரையா!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து நின்றது. ஐந்து பேர். பித்தளை ஃபில்டரில் ஒரு சொட்டு டிகாஷன் இல்லை. போட்டால் இறங்க அரை மணி நேரம். அம்மா சமையலறைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த மிஷினைப் போடேன்" என்றார். மூன்று வருடத்தில் அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அரைத்து அரைத்துப் போட்டேன், கூடை மாற்றி மாற்றி, பம்ப் சூடேறும் வரை. அவர் அடுப்பில் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஒவ்வொரு டம்ளரிலும் என் எஸ்பிரஸ்ஸோவைக் கொட்டி, நுரை பறக்க ஆற்றிக் கொடுத்தார். இத்தாலிக்காரன் பார்த்தால் அழுதிருப்பான். சித்தப்பா இரண்டாவது வாயில் நிமிர்ந்தார்.

"மதினி, டிகாஷன் கமகமன்னு இருக்கே. எந்தக் கடைப் பொடி?"

"ஏற்காடு. வீட்டிலேயே அரைச்சது" என்றார் அம்மா, தானே சுற்றி அரைத்தவர் மாதிரி.

எல்லோரும் குடித்து முடித்த பிறகு, கடைசி டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். நாக்கை மேலண்ணத்தில் ஒருமுறை ஒட்டிப் பார்த்தார்.

"கடைசியாப் போட்டது லேசாத் துவர்க்குதுடா."

சக்கையை இன்னும் தட்டவில்லை. கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தேன். கூடையின் ஓரத்தில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை. அவசரத்தில் தக்கையை எடுத்துக் கிளற மறந்திருந்தேன்.